பாதி தூரம்

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று நேராக மூஞ்சியில் அடிக்கும். மேடே இல்லாத ரோடு, ஆனாலும் மருதமலை ஏறுகிற மாதிரி தொடை கடுக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். சுற்றிலும் காத்தாடிகள் (காற்றாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. போகும்போது 10 கிலோமீட்டர், மணிக்கு 20 கி.மீ. வேகம். வரும்போது அதே 10 கிலோமீட்டர், மணிக்கு 40. சராசரி 30 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். தப்பு! போக 30 நிமிடம், வர 15 நிமிடம், ஆக 20 கி.மீ.க்கு 45 நிமிடம். சராசரி 27 கூட வராது. எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்றில் முழுசாகத் திரும்ப வாங்க முடியாது. அதனால் புத்திசாலி என்ன செய்வார்? எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதலாகச் சக்தியைச் செலவழித்துவிட்டு, வரும்போது மூச்சு வாங்கிக்கொள்வார்.

இந்தப் புத்திசாலித்தனத்துக்கென்றே ஒரு போட்டி இருக்கிறது. அதுதான் டைம் ட்ரயல். கூட்டமாகப் புறப்படுகிற ரேஸ் இல்லை இது. ஒவ்வொருவராக, ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ இடைவெளி விட்டு, சாய்வு மேடையிலிருந்து இறங்கிப் போக வேண்டும். முன்னால் போகிறவரை எட்டிப் பிடித்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளக் கூடாது. கூட்டத்தில் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் இருப்பவருக்குச் சுகம். இங்கே அந்தச் சுகம் கிடையாது. நீங்கள், காற்று, கடிகாரம். அவ்வளவுதான். ஓட்டக்காரர்கள் இதை 'உண்மையின் ஓட்டம்' என்பார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் கூம்பு மாதிரி ஹெல்மெட், கம்பி இல்லாத தட்டுச் சக்கரம், தோலோடு ஒட்டிய சட்டை என்று அத்தனை வேஷமும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெண்களுக்கான டைம் ட்ரயல் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தபோது, யார் ஜெயித்தார்கள் என்பதைவிட வேறொரு எண்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. போட்டியின் தூரம். ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு. அந்தத் தூரத்தை மிதிக்கிறவர்கள் முடிவு செய்வதில்லை.

அது ஏன் என்னை உறுத்தியது என்றால், அதற்குக் காரணம் எங்கள் அம்மா. அம்மாவின் ஊர் சுல்தான்பேட்டை பக்கம். ஏழாவது படிக்கும்போதே அப்புச்சியின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர். அப்புச்சிக்கு அதில் பெருமைதான், கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஒரு எல்லை போட்டிருந்தார். பால் சொசைட்டி வரைக்கும் போகலாம். மெயின் ரோடு ஏறக்கூடாது. வீட்டிலிருந்து சொசைட்டி ஒன்றரை கிலோமீட்டர். பத்தாவது முடித்தபிறகு பல்லடத்தில் டைப்ரைட்டிங் கிளாஸ் சேர ஆசைப்பட்டார். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, கிளாஸ் நேரத்துக்கு இரண்டுமே ஒத்துவராது. சைக்கிளில் போகிறேன் என்றதற்கு, "அத்தன தூரம் பொம்பளப் புள்ளையால முடியாது கண்ணு" என்று சொல்லிவிட்டார். முடியுமா முடியாதா என்று யாரும் ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. டைப்ரைட்டிங் அதோடு போயிற்று. அம்மா இதைச் சண்டையாகச் சொன்னதில்லை, கதையாகத்தான் சொல்வார். எனக்குத்தான் அந்த ஒன்றரை கிலோமீட்டர் மறக்கவில்லை.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் உலக சைக்கிள் நிர்வாகிகள். ஆண்களுக்கு 1896இல் முதல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே சைக்கிள் வந்துவிட்டது. பெண்களுக்கு உலக சாம்பியன்ஷிப் ஆரம்பித்தது 1958இல். ஒலிம்பிக்கில் முதல் பெண்கள் சைக்கிள் போட்டி 1984இல், லாஸ் ஏஞ்சலிஸில். கிட்டத்தட்ட 88 வருடம்! அதுவும் ரோடு ரேஸ் மட்டும். டைம் ட்ரயல் அப்போதும் இல்லை.

இந்த இடைவெளியில் வாழ்ந்து முடித்துவிட்டார் ஒருவர். பெரில் பர்டன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

1937இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கணவர் சார்லி பர்டன் மூலமாகத்தான் சைக்கிள் பழக்கம். யார்க்‌ஷயரில் ஒரு தோட்டத்தில் வேலை, ரூபார்ப் என்கிற, கீரைத்தண்டு மாதிரியான பயிரை வெட்டிச் சுமக்கிற கூலி வேலை. கடைசி வரைக்கும் காசுக்கு ஓட்டுகிற தொழில்முறை வீராங்கனை ஆகவில்லை. தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த உடம்புதான் அவருக்கு ஜிம்.

டைம் ட்ரயல் இங்கிலாந்துக்காரர்களின் பழைய பைத்தியம். ரோட்டில் கூட்டமாக ரேஸ் விட்டால் போலீஸ் தொல்லை என்பதால், 1890களிலிருந்தே விடிகாலையில் கறுப்பு உடை போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராகத் திருட்டுத்தனமாகப் புறப்பட்டுப் போய் நேரம் பார்த்துக்கொள்வார்கள். இந்த உலகத்தில் பர்டன் ராணி. பல தூரங்களின் சராசரி வேகத்தை வைத்துத் தரும் தேசியப் பட்டத்தை 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 வருடம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1967 செப்டம்பரில் ஒரு 12 மணி நேரப் போட்டி. 12 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆண்கள் முன்னால் புறப்பட்டார்கள், பெண்கள் பின்னால். ஆண்களில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவர் மைக் மெக்னமாரா. அன்றைக்கு ஆண்களுக்கான பிரிட்டிஷ் சாதனையை உடைக்கப் போகிறவர். பல மணி நேரம் கழித்து ஒரு நீண்ட ரோட்டில் பர்டன் அவரை எட்டிப் பிடித்தார். தாண்டும்போது சட்டைப்பையில் கைவிட்டு ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். பர்டன் தாண்டிப் போய்விட்டார்.

அன்று மெக்னமாரா ஆண்கள் சாதனையை உடைத்தது உண்மை. ஆனால் பர்டன் ஓட்டிய தூரம் அதைவிட முக்கால் மைல் அதிகம்: 277.25 மைல், அதாவது 446 கி.மீ. கோயமுத்தூரில் விடிகாலை புறப்பட்டு, சேலம் விழுப்புரம் வழியாக, பொழுது சாய்கிறபோது செங்கல்பட்டை நெருங்கிவிடுவது மாதிரி! ஒரு பெண்ணின் தூரம் ஆண்கள் சாதனையைவிட மேலே இரண்டு வருடம் நின்றது. பெண்கள் சாதனையாக அது 50 வருடம் நின்று 2017இல்தான் உடைந்தது.

அவர் சாதுவான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1976 தேசிய ரோடு ரேஸில் சொந்த மகள் டெனிஸ் அவரைத் தோற்கடித்தபோது மேடையிலேயே கை குலுக்க மறுத்தவர். (இந்தக் கதையைக் கேட்டு எங்கள் அம்மா ரொம்ப நேரம் சிரித்தார்.)

இப்போது என் கேள்வி. தனி ஆளாகக் கடிகாரத்தோடு ஓட்டுவதில் அந்தக் காலத்தில் ஆண் பெண் எல்லோரையும் மிரட்டிய இவருக்கு டைம் ட்ரயலில் எத்தனை உலகப் பதக்கம்? பூஜ்யம். ஏனென்றால் அப்படி ஒரு போட்டியே இல்லை. டிராக்கில் ஐந்து முறை, ரோடு ரேஸில் 1960, 1967 என இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். அவருடைய சொந்த விளையாட்டில் அவருக்கு மேடையே போடவில்லை. 1996 மே 5ஆம் தேதி, தன் 59வது பிறந்தநாளுக்கு ஆட்களை அழைக்கச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது ரோட்டிலேயே விழுந்து இறந்தார். கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 3ஆம் தேதி, அட்லாண்டாவில் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் டைம் ட்ரயல் நடந்தது. ஹ்ம்ம்...

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் நான்கு பேர் சேர்ந்து ஓட்டும் குழு டைம் ட்ரயல் பெண்களுக்கு உலக சாம்பியன்ஷிப்பில் வந்தது. ஆண்களுக்கு 100 கி.மீ., பெண்களுக்கு 50 கி.மீ. பாதி! தனிநபர் போட்டி 1994இல் இத்தாலியின் சிசிலித் தீவில் ஆரம்பித்தது, முதல் சாம்பியன் அமெரிக்காவின் கேரன் குரெக்.

அட்லாண்டாவில் ஆண்களுக்கு 52.2 கி.மீ., பெண்களுக்கு 26.1. பாயிண்டு பிசகாமல் பாதி. ரஷ்யாவின் சுல்ஃபியா சபிரோவா 36 நிமிடம் 40 நொடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். பிரான்ஸின் ஜானி லோங்கோ 20 நொடி பின்னால், கனடாவின் கிளாரா ஹியூஸ் இன்னும் 13 நொடி பின்னால்.

நியாயமாகப் பேசினால், பாதிக்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. ஒரே சுற்றுப்பாதையை அடைத்து வைத்துவிட்டு ஆண்கள் இரண்டு சுற்று, பெண்கள் ஒரு சுற்று என்று விட்டால் அமைப்பாளர்களுக்கு வேலை சுலபம். எல்லாமே சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண்கள் இரண்டு சுற்றும் ஆண்கள் ஒரு சுற்றும் என்று யாருக்கும் ஒருமுறை கூடத் தோன்றவில்லையே, அங்கேதான் இடிக்கிறது. 2004 ஏதென்ஸ்: 48க்கு 24. 2021இல் நடந்த டோக்கியோ: 44.2க்கு 22.1. கால் நூற்றாண்டு கழித்தும் அதே பாதி. சிட்னியிலும் லண்டனிலும் கொஞ்சம் தாராளம் காட்டினார்கள், அவ்வளவே.

இந்தப் பாதி தூரத்துக்குள்ளேயே நடந்தவை கொஞ்சநஞ்சம் இல்லை. நெதர்லாந்தின் லியோன்டீன் வான் மூர்சல் 90களின் நடுவில் சாப்பாட்டையே வெறுக்கும் நோயில் எலும்பும் தோலுமாகி, மீண்டு வந்து 2000 சிட்னியில் மூன்று தங்கம் வாங்கினார், அதில் ஒன்று டைம் ட்ரயல். ஏதென்ஸில் ரோடு ரேஸில் மோசமாக விழுந்து அடிபட்டார். மூன்றாவது நாள் டைம் ட்ரயலில் மறுபடியும் தங்கம். 1984இல் முதல் பெண்கள் போட்டியில் ஓட்டிய அதே லோங்கோ 2008 பெய்ஜிங்கில், 49 வயதில், நான்காவது வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே 2 நொடி கூட இல்லை. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் தங்கம். மூன்றாவது தங்கம், 43வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கொட்டுகிற மழையில், ஐந்தரை நொடி வித்தியாசத்தில். (ஊக்கமருந்தில் மாட்டின லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கும் இவருக்கும் உறவு கிடையாது. பாவம், ஆயுசு முழுக்க இதற்குப் பதில் சொல்லியிருப்பார்.)

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் போட்டி உலகத் தரத்தில் நடந்தது 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில். அக்டோபர் 13, நொய்டா - கிரேட்டர் நொய்டா எக்ஸ்பிரஸ்வே. லாரியும் காரும் பறக்கிற அகலமான ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஆண்களுக்கு 40 கி.மீ., பெண்களுக்கு 29. கனடாவின் டாரா விட்டன் தங்கம், நியூசிலாந்தின் லிண்டா வில்லும்சன் வெள்ளி. வெண்கலம் வாங்கிய இங்கிலாந்தின் ஜூலியா ஷாவுக்கு அப்போது 45 வயது! பர்டன் வளர்த்த அதே உள்ளூர் டைம் ட்ரயல் பழக்கத்தில் தேறி வந்தவர். அந்த மேடையில் இந்தியப் பெயர் இல்லை.

நமக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஒடிசாவின் மினதி மகாபாத்ரா 70களின் கடைசியிலேயே சைக்கிளுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். மணிப்பூரிலிருந்து பித்யாலட்சுமி தேவி, சாவோபா தேவி போன்றவர்கள் தெற்காசியப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஓட்டினார்கள். ஆனால் 2024 பாரிஸ் வரைக்கும் ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் இந்தியப் பெண் ஒருவர் கூட இறங்கவில்லை. ஆண்களுமே 1964க்குப் பிறகு போகவில்லை. ஒரு நல்ல டைம் ட்ரயல் சைக்கிளின் விலையில் எங்கள் ஊரில் இரண்டு மூன்று பைக் வாங்கலாம், அது ஒரு காரணம். ஆடிக்காற்றில் தனியாக ரோட்டில் பயிற்சி செய்யும் பெண்ணைப் பின்னால் ஹாரன் அடித்து ஓரம் கட்டுகிற நம்ம ஆட்கள் இன்னொரு காரணம்.

அதற்காகத் தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சைக்கிள் வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அட்லாண்டாவுக்கு முன்னாலேயே புதுக்கோட்டையில் நடந்தது அது. 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கிறவர்கள், கூலி வேலைக்காரர்கள், ஆசிரியைகள் என ஆயிரமாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதிலும் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணிக் குடம், விறகு, பிள்ளை எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆம்பிளைக்காகவும் காத்திருப்பதை விட்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது, அங்கே யாரும் எல்லை போடவில்லை என்பது. அதே வருடங்களில்தான் எங்கள் அம்மா சொசைட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டை ஒன்றும் அமெரிக்கா இல்லை, பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

2001-02இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் விரிவாக்கியது. பதினொன்றாவதில் எனக்கும் ஒன்று வந்தது. பிரேக் கொஞ்சம் சண்டித்தனம், மற்றபடி குறை சொல்ல முடியாது.

கடைசியாகப் பாரிஸ். 2024 ஜூலை 27. ஒலிம்பிக் வரலாற்றில் முதல் முறையாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாதை, ஒரே தூரம்: 32.4 கி.மீ. மழை, வழுக்கும் ரோடு, வளைவில் சறுக்கி விழுந்தவர்கள் பலர். ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் 39 நிமிடம் 38 நொடியில் முடித்தார். இரண்டாவது வந்த பிரிட்டனின் அன்னா ஹெண்டர்சன் ஒன்றரை நிமிடம் பின்னால். நம் ஊர் அளவில் சொன்னால், காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையத்தைக் கிட்டத்தட்ட தொட்டுவிடுகிற தூரம். டவுன் பஸ்ஸில் போனால் 40 நிமிடத்தில் நீங்கள் பெரியநாயக்கன்பாளையம் தாண்டியிருந்தால் அதிர்ஷ்டம்!

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரவுனின் சராசரி வேகம் மணிக்கு 49 கி.மீ. 1996 அட்லாண்டாவில் ஆண்கள் தங்கம் வாங்கியவர் ஸ்பெயினின் மிகெல் இந்துராயின், டூர் டி பிரான்ஸ் ஐந்து முறை ஜெயித்த ஜாம்பவான். அவர் 52.2 கி.மீ.க்கு எடுத்தது 1 மணி 4 நிமிடம் 5 நொடி. சராசரி 48.9! இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது சரியில்லைதான். அவர் ஓட்டியது கூடுதல் தூரம், ரோடு வேறு, இத்தனை வருடத்தில் சைக்கிளும் ஹெல்மெட்டும் எங்கேயோ போய்விட்டன. இருந்தாலும் இரண்டு மூன்று தடவை கால்குலேட்டரில் அடித்துப் பார்த்தேன்.

பாரிஸோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. உலக சாம்பியன்ஷிப்பில் 2022இல் ஆஸ்திரேலியாவின் வுலாங்காங்கில் இருவருக்கும் 34.2 கி.மீ. என்று சமமாக வைத்தார்கள். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தில் பழையபடி 47.8க்கு 36.2. 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்காவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில், ஆண்களுக்கு 40.6, பெண்களுக்கு 31.2. சுவிட்சர்லாந்தின் மார்லன் ராய்சர் ஜெயித்தார்.

இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எடுத்துப் பார்த்தார். 50, 26.1, 24, 22.1, 31.2. "அப்ப பாதியில இருந்து முக்காலுக்கு வந்திருக்குது" என்றார். பிறகு, "பல்லடம் எத்தன கிலோமீட்டரு நம்ம ஊர்ல இருந்து?" என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன். பதினொன்று. "அவ்வளவுதானா?" என்றார்.